கொலம்பியா ஆற்றின் இரு கரைப் பாதைகள்

ஈகிள் கிரீக் பாதையில் போகிறவர்கள் சில இடங்களில் பாறைச் சுவரோடு ஒட்டியபடி நடக்க வேண்டியிருக்கும். செங்குத்தான பாறையை வெடிவைத்துக் குடைந்து, ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் வழி வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறையில் அறைந்த இரும்பு வடம்; மறு பக்கம் தடுப்பே இல்லாத பள்ளம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது இந்தப் பாதை. ஆற்றைக் கடந்து வடகரைக்கு, அதாவது வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனால், அதற்கு நேர் எதிரே நிலமே வேறு மாதிரி இருக்கிறது. மேடும் குழியுமாக, யாரோ கொட்டிவிட்டுப் போன மண் மாதிரி கிடக்கிறது. பாதை குட்டைகளைச் சுற்றிக்கொண்டும் மண்மேடுகளில் ஏறி இறங்கியும் போகிறது.

நடுவில் ஓடுவது ஒரே ஆறு. இரு கரையிலும் இருப்பது ஒரே பாறை. ஆனாலும் பாதைகள் இத்தனை வேறுபடுவதற்குக் காரணம், அந்தப் பாறை அடுக்குகள் தெற்கு நோக்கிச் சில பாகை சாய்ந்திருப்பதுதான்.

சாய்வைப் புரிந்துகொள்ள முதலில் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கிழக்குப் பகுதியில் நிலம் நீள நீளமாகப் பிளந்து எரிமலைக் குழம்பைக் கக்கியது. கூம்பு வடிவ எரிமலை எதுவும் இல்லை. பிளவிலிருந்து குழம்பு வெள்ளமாகப் பரவியது. சில ஓட்டங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து பசிபிக் கடலையே தொட்டன. ஒன்று ஆறிய பின் அடுத்தது அதன் மேல் பரவ, பசால்ட் பாறை அடுக்கடுக்காக ஏறியது. நம் தக்காணப் பீடபூமியும் இதே முறையில்தான் உருவானது, ஆனால் அது இதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. மும்பை அந்தேரியில் இருக்கும் கில்பர்ட் குன்றைப் பார்த்தவர்களுக்கு, தூண் தூணாகப் பிளந்து நிற்கும் அந்தப் பாறையை இங்கே ஓரிகன் கரையிலுள்ள லாட்டூரெல் அருவியின் பின்னால் பார்க்கும்போது அடையாளம் தெரிந்துவிடும். குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது பலகோண வடிவில் விரிசல் விடுகிறது. குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க விரிசலும் கூடவே இறங்குகிறது. தூண்கள் பிறப்பது அப்படித்தான்.

இந்த பசால்ட்டுக்கு அடியில் அதைவிடப் பழைய எரிமலைச் சாம்பலும் சேற்றுப் படிவுகளும் இருக்கின்றன. காலப்போக்கில் அவை நிறையக் களிமண்ணாக மாறிவிட்டன. மழைநீர் தூண்களுக்கு இடையிலான விரிசல் வழியே எளிதாக இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். மேலே கனமான பாறை, கீழே வழுக்கும் களி.

எண்ணெய் தடவிய பலகையின் மேல் செங்கற்களை அடுக்கி, பலகையை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். சாய்வின் கீழ்முனையில் தடுப்பு இருக்கும்வரை அடுக்கு நிற்கும். தடுப்பை எடுத்துவிட்டால் மொத்தமாக வழுக்கும். வடகரையில் நடந்தது இதுதான். அங்கே அடுக்குகள் ஆற்றை நோக்கிச் சாய்கின்றன. தடுப்பாக இருந்த அடிவாரத்தை ஆறே அரித்து எடுத்துவிட்டது. தென்கரையிலும் அதே சாய்வுதான், ஆனால் அது ஆற்றுக்கு எதிர்ப்புறமாக, மலைக்குள் போகிறது. வழுக்கிப் போக இடமில்லை. அதனால் தென்கரையின் பாறை செங்குத்துச் சுவராக அப்படியே நிற்கிறது; தன் முகத்திலிருந்து ஒவ்வொரு கல்லாகத்தான் உதிர்க்கிறது. அருவிகள் பெரும்பாலும் ஓரிகன் பக்கமே இருப்பதற்கும் இந்தச் சுவர்தான் காரணம்.

வடகரையின் மிகப் பெரிய சரிவுகளில் ஒன்று 15ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. டேபிள் மலையின் முகம் பெயர்ந்து வந்து கொலம்பியா ஆற்றையே முழுதாக அடைத்தது. பின்னால் பெரிய ஏரி தேங்கியது. ஒருநாள் ஆறு அந்த அணையை உடைத்து, தன் போக்கைத் தெற்கே தள்ளிக்கொண்டு ஓடியது. 1805இல், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் பயணக் குழுவினர் இந்த வழியே வந்தபோது, மேற்புறத்து நீரில் மூழ்கி நின்ற மரக்கட்டைகளைக் கண்டு குறித்து வைத்தார்கள். அங்குள்ள பூர்வகுடிகளிடம் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் இருந்ததாகவும், முன்னோர்கள் கால் நனையாமல் கடந்ததாகவும் கதை உண்டு. நிலவியல் சொல்வதைத் தலைமுறைகளாக அவர்கள் கதையாகக் காத்து வந்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். இன்று அங்கே ஆற்றைக் கடக்கும் இரும்புப் பாலத்துக்கும் ‘தெய்வங்களின் பாலம்’ என்றே பெயர். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நடைபாதை இந்தப் பாலத்தின் மீதுதான் ஆற்றைக் கடக்கிறது. அதன் மொத்த நீளத்திலும் இதுவே தாழ்வான இடம். பாலம் இறங்கி வடக்கே நடப்பவர்கள் காலடியில் மிதிப்பது அந்தச் சரிவு கொண்டுவந்த கல்லையும் மண்ணையும்தான். வழியில் வரும் கில்லட் ஏரி, சரிவு விட்டுச்சென்ற குழியில் தேங்கிய நீர்.

தென்கரைச் சுவரை இவ்வளவு செங்குத்தாக ஆக்கியது வெள்ளம். பனியுகத்தின் இறுதியில், சுமார் 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறை ஒன்று கிழக்கே வேறோர் ஆற்றை அடைத்து, இன்றைய மொன்டானா மாநிலத்தில் மிசௌலா என்ற பெரும் ஏரியைத் தேக்கியது. பனி அணை உடையும்போதெல்லாம் ஏரி சில நாட்களில் காலியாகி, அத்தனை நீரும் கொலம்பியா ஆறு ஓடும் இந்த மலையிடுக்கின் வழியே பாய்ந்தது. இப்படிப் பல பத்து முறை நடந்தது. இன்றைய போர்ட்லாந்து நகரம் இருக்கும் இடத்தில் நீர் சுமார் 120 மீட்டர் ஆழம் நின்றது. ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் 1923இல் இப்படியொரு வெள்ளத்தைப் பற்றி எழுதியபோது சக அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அவர் நிலத்தைப் பார்த்ததைத்தான் சொன்னார், விடாமல் சொன்னார். 1979இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, அவருக்கு நிலவியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

வெள்ளம் இடுக்கின் ஓரங்களைச் சீவி எடுத்ததால், பக்கத்திலிருந்து வந்த சிற்றோடைகள் அந்தரத்தில் நின்றுபோயின. அவைதான் இன்றைய அருவிகள். மல்ட்னோமா அருவி இரண்டு படிகளாக மொத்தம் 189 மீட்டர் விழுகிறது. அருவியின் சாரலும், இரவில் உறைந்து பகலில் உருகும் நீரும் இரண்டு பசால்ட் அடுக்குகளுக்கு இடையிலுள்ள மெலிந்த பகுதியைத் தின்கின்றன. நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது. விரிசலுக்குள் அது ஆப்பு வைத்தது போல. போனிடெய்ல் அருவியில் இப்படி இயற்கையாகவே குகை விழுந்திருக்கிறது, பாதை அதற்குள் புகுந்து அருவியின் பின்னால் போகிறது. ஈகிள் கிரீக்கின் டனல் அருவியில் அந்த வசதி இல்லை; பாதை போட்டவர்கள் அருவிக்குப் பின்னால் பாறையையே சுரங்கமாகக் குடைந்தார்கள். அரிப்பு மேலே போகப்போக, தாங்க ஆளில்லாத பாறை ஒருநாள் விழும். 1995இல் மல்ட்னோமாவில் பேருந்து அளவுள்ள பாறை மேல்குளத்தில் விழுந்து, பாலத்தில் நின்ற திருமணக் குழுவினர் மேல் நீரையும் கல்லையும் வாரி இறைத்தது.

பாதை போடுகிறவருக்கு இரு கரையிலும் ஒரே எதிரி மழைநீர். மேற்குப் பகுதியில் கேஸ்கேட் லாக்ஸ் என்ற ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீட்டர் மழை. கிழக்கே எழுபது கிலோமீட்டருக்குள், மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கும் டாலஸில் 400 மில்லிமீட்டர்கூட இல்லை. மேற்கில் பாசி படர்ந்த காடு, கிழக்கில் காய்ந்த புல்வெளி. ஈரமான பக்கத்தில் நேராக மேலேறும் பாதை போட்டால் முதல் மழைக்கே அது ஓடையாகிவிடும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பாதையின் ஏற்றம், அது போகிற மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடே ஓடத் தொடங்கும். நடைதளத்தையும் பள்ளத்தின் பக்கமாக ஒரு பொடி சாய்த்துவிடுவார்கள். செங்குத்துச் சரிவில் இந்த விதியோடு மேலேற ஒரே வழி கொண்டை ஊசி வளைவுகள். கால் வலிக்கிறதென்று வளைவைக் குறுக்கே வெட்டி ஏறுகிறவர்கள் நீருக்குப் புது வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த மழையில் கீழிருக்கும் பாதையே போய்விடும். இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கலாம்.

இந்த வளைவுகளின் உச்சம் வடகரையின் பீக்கன் ராக். பழைய எரிமலை ஒன்றின் உள்ளே இறுகிய கரு அது. மேலே மூடியிருந்ததை மிசௌலா வெள்ளங்கள் உரித்துவிட்டன. 258 மீட்டர் உயரம். ஹென்றி பிடில் என்பவர் 1915இல் இந்தப் பாறையை வாங்கினார். உச்சிக்கு ஒரு பாதை போட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வளைவுகளோடு, கைப்பிடிக் கம்பியும் சிறு பாலங்களும் வைத்து 1918இல் முடித்தார். சரிவுகளுக்குப் பேர்போன கரையில் சரியாத ஒரே கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

தென்கரைச் சுவருக்கு இப்போது வேறொரு கஷ்டம். 2017 செப்டம்பரில், வறண்ட கோடையின் முடிவில், ஈகிள் கிரீக் பாதையில் ஒரு சிறுவன் வீசிய பட்டாசு காட்டைப் பற்றவைத்தது. சுமார் 150 பேர் அன்றிரவு மலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். நெருப்புப் பொறி காற்றில் ஆற்றையே தாண்டி எதிர்க்கரையில் விழுந்தது. 19,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மரம் எரிந்தாலும் அதன் வேர் உடனே போய்விடுவதில்லை. சில ஆண்டுகள் மண்ணையும் கல்லையும் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு மெல்ல மக்கும். புதுச் செடிகளின் வேர் அந்த இடத்தை நிரப்புவதற்குள் பழைய வேரின் பிடி விட்டுப்போகும். எரிந்த ஆண்டைவிட, அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கல் அதிகம் உருளும் என்பது இதனால்தான். ஈகிள் கிரீக் பாதையைத் திறக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. போகிறவர்கள் முந்தைய நாள் பெய்த மழையைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.