403 வந்தால் 777 போடாதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. லோக்கலில் ஒழுங்காக ஓடிய அப்ளிகேஷன், சர்வரில் ஏற்றியதும் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற எரரைக் காட்டியிருக்கிறது. உடனே ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதற்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும். அப்போதும் 403தான். அதற்கு மேலிருந்த ஹோம் ஃபோல்டருக்கும் 777. தளம் திறந்துவிட்டது, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். மறுநாள் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்ளே விடவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு ஃபோன்.

எத்தனை தடவை சொன்னாலும் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். 777இன் முதல் இலக்கம் ஓனருக்கு, அடுத்தது குரூப்புக்கு, கடைசி இலக்கம் மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. அப்படியென்றால் 777 என்பது, அந்த மெஷினில் ஓடும் எந்த ப்ராசஸும் உங்கள் கோடை மாற்றி எழுதலாம் என்று நீங்களே கொடுக்கும் உரிமை. பக்கத்தைக் காட்ட வெப் சர்வருக்குத் தேவைப்பட்டது படிக்கும் உரிமை மட்டும். எழுதும் உரிமையை அது கேட்கவே இல்லை. அப்லோடு பகுதியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், 755இல் தடுக்கப்பட்டிருக்க வேண்டிய ஆள் 777இல் உங்கள் இண்டெக்ஸ் ஃபைலையே மாற்றிவிட்டுப் போவான்.

சரி, முதல் 777 ஏன் வேலை செய்யவில்லை? லினக்ஸில் ஒரு ஃபைலை எட்ட வேண்டுமானால், வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை வேண்டும். ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்த 1 என்பது அதுதான். உபுண்டு 21.04இலிருந்து புதிய யூசரின் ஹோம் ஃபோல்டர் 750ஆகத்தான் உருவாகிறது. கடைசி இலக்கம் பூஜ்யம். வெப் சர்வர் வேறொரு யூசராக ஓடுகிறது. அதனால் ஹோமுக்குள் வைத்த ப்ராஜெக்டுக்கு எவ்வளவு உரிமை கொடுத்தாலும் அது வாசலிலேயே நின்றுவிடும். ஹோமுக்கே 777 கொடுத்தால் தளம் திறக்கும். ஆனால் அடுத்தவர் எழுதக்கூடிய ஹோம் ஃபோல்டரில் இருக்கும் லாகின் கீயை எஸ்எஸ்எச் சர்வர் நம்பாது. ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே ஆனில் இருக்கும், கீயை மறுத்துவிடும். ப்ராஜெக்டை ஹோமுக்கு வெளியே வைத்திருந்தால் இத்தனை கூத்தும் கிடையாது.

ரெட் ஹேட் வகை சர்வரில் தடுப்பது எஸ்இலினக்ஸாக (இந்த இலக்கங்களுக்கு மேல் இருக்கும் இன்னொரு காவல்) இருந்தால் 777ஆல் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடனே எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தடுக்கப்பட்ட அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்க அதிலேயே வழி இருக்கிறது.

எது தடுக்கிறது என்று எப்படித் தெரியும்? எரர் லாகைத் திறந்தால் தெரியும். 403 மட்டுமல்ல, 502உம் அப்படித்தான். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பின்னாலிருக்கும் ஆப்பை எட்ட முடியவில்லை என்றால், காரணம் எதுவானாலும் திரையில் ஒரே 502தான். என்ஜின்எக்ஸ் லாகில் பாருங்கள். 111 என்றிருந்தால் அந்த போர்ட்டில் உங்கள் ஆப் ஓடவே இல்லை. 2 என்றால் நீங்கள் எழுதிய பாதையில் சாக்கெட் ஃபைல் (ஆப்போடு பேசும் வழி) இல்லை. 13 என்றால்தான் பர்மிஷன் பிரச்சினை. ஒரு வரி படித்திருந்தால் பாதிப் பேர் எனக்கு ஃபோன் செய்திருக்கவே வேண்டாம்.

இதே அவசரத்தில் செய்யும் இன்னொரு காரியம், எரர் தெரியட்டும் என்று புரொடக்‌ஷனில் டீபக்கை (எரர் விவரத்தை எல்லாம் திரையிலேயே காட்டும் அமைப்பு) ஆன் செய்வது. லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் இக்னிஷன் என்ற எரர் பக்கத்தில் 2021இல் வெளியான ஓட்டை (சிவிஇ-2021-3129) டீபக் ஆனில் இருந்த தளங்களில் லாகின்கூட இல்லாமல் வெளியாள் கோடு ஓட்ட வழிவிட்டது. எரரைப் பார்க்க லாக் இருக்கிறது. ஊருக்கே காட்ட வேண்டியதில்லை.

ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644. எழுதும் உரிமை அப்லோடு, கேஷ், லாக் ஃபோல்டர்களுக்கு மட்டும், அதுவும் வெப் சர்வர் யூசருக்கு மட்டும். அப்லோடு ஃபோல்டரில் பிஎச்பி ஓடக்கூடாது. பாஸ்வேர்டு இருக்கும் இஎன்வி ஃபைல் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே, 640. லாராவெலில் அதை மாற்றிவிட்டு கான்ஃபிக் கேஷைப் புதுப்பிக்காமல் ‘மாற்றம் ஏறவில்லை’ என்று சொல்லாதீர்கள். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கைத் தொட்டால், ரீலோடு செய்வதற்கு முன் அதன் ‘டி’ ஆப்ஷனை வைத்துச் சோதியுங்கள். பிழை எந்த ஃபைலில் எந்த வரியில் என்று அதுவே சொல்லும்.

ஏற்கெனவே ஹோமுக்கு 777 கொடுத்துவிட்டீர்களா? திறந்திருக்கும் எஸ்எஸ்எச் செஷனை மூடாதீர்கள். ஹோமை 750க்கும், எஸ்எஸ்எச் ஃபோல்டரை 700க்கும், அதற்குள் இருக்கும் கீ ஃபைலை 600க்கும் கொண்டுவாருங்கள். ப்ராஜெக்டை வெளியே நகர்த்துங்கள். அப்லோடு ஃபோல்டரில் நீங்கள் வைக்காத பிஎச்பி ஃபைல் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு முதல் எல்லா ரகசியங்களையும் மாற்றிவிட்டு, சர்வரையே புதிதாகப் போடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகு முதல் செஷனை மூடுங்கள்.