தழுவல்: சொல் விளக்கம்

அடாப்டேஷன் என்பதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் தழுவல். நாவல் படமானால் திரைத்தழுவல், மேடையேறினால் மேடைத்தழுவல். ரீமேக் வேறு, அது மறுஆக்கம். டப்பிங்கும் வேறு, அது மொழிமாற்று. இரண்டையும் தழுவல் என்று எழுதுவது பிழை.

தழுவு என்ற வினைக்கு அணைத்தல், தனதாக ஏற்றல் என இரு பொருளும் உண்டு. ஏறுதழுவுதலில் முதலாவது, சமயம் தழுவுதலில் இரண்டாவது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருத்துதல் என்று பொருள். புதிய அச்சுக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவது அங்கே முக்கியம். தமிழ்ச் சொல்லோ மூலத்தை விடாமல் பற்றியிருப்பதைச் சொல்கிறது.

1930களில் இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. பிறநாட்டுக் கதையில் ஊரையும் பேரையும் மாற்றித் தமிழ்க்கதையாக்குவதே அப்போது தழுவல். மொழிபெயர்ப்பே வேண்டும் என்று புதுமைப்பித்தன் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்வதற்கு நம் இலக்கணத்தில் இன்னும் நுட்பமான பகுப்பு இருக்கிறது. நன்னூல் வழிநூலை இப்படி வரையறுக்கிறது: ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது’. முடிபு ஒத்திருக்க வேண்டும். மற்றபடி பின்னவன் விரும்பும் வேறுபாட்டுக்கு இடமுண்டு. முதல்நூல், வழிநூல் இரண்டோடும் ஓரளவு ஒத்து, வேறுபாடும் உடையது புடைநூல். சார்புநூல் என்றும் சொல்வர். நாவலையும் படத்தையும் ஒப்பிட இதைவிடக் கூர்மையான அளவுகோல் தேவையில்லை.

நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமான படத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஈ.எம். ஃபார்ஸ்டரின் ‘எ பாஸேஜ் டு இந்தியா’ 1924இல் வந்த நாவல். டேவிட் லீன் அதை 1984இல் படமாக்கினார். கதையில் வரும் மராபார் என்ற கற்பனைக் குகைகளுக்குப் போகும் ரயிலாக அதில் ஓடுவது நம் மலை ரயில். கல்லாறு, குன்னூர் வழியில் போய்வருபவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நாவலில் அது சமவெளி ரயில். குகைகளுக்கு மூலம் பீகாரில் கயாவுக்கு அருகிலுள்ள பராபர் குன்றுகள். படத்தின் குகைக்காட்சிகளோ கர்நாடகப் பாறைகளில் எடுக்கப்பட்டவை. கல்லாறு முதல் குன்னூர் வரை நம் பாதை 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல்சட்டம் இருக்கும். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். இப்படிப்பட்ட பாதையில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதெல்லாம் வியப்புதான். ஃபார்ஸ்டரின் பயணிகளுக்குக் கிடைப்பது அதற்கு நேர்மாறு. மாறாத வெளி, ஒரே தாளத்தில் சக்கர ஓசை, பெரிதாக வரப்போகிறது என்று காக்கவைத்து ஏமாற்றும் விடியல். குகையில் நேரப்போகும் வெறுமைக்கு நாவல் இங்கேயே தயார்செய்கிறது. படத்தில் அந்தத் தயாரிப்பு மலையழகில் கரைந்துவிடுகிறது. அழகான இழப்பு, ஆனாலும் இழப்புதான்.

ஓடும் ரயிலின் வெளிப்புறத்தில் கதையின் இந்திய மருத்துவர் அஜீஸ் தொற்றுவது நாவலிலும் உண்டு, ஆகவே அது விகற்பம் மட்டுமே. இங்கிலாந்திலிருந்து வந்த இளம்பெண் அடெலா சைக்கிளில் போய்ச் சிதைந்த கோவிலின் சிற்பங்களைக் காண்பது படத்தில் மட்டும் வருவது.

பெரிய விலகல் முடிவில் இருக்கிறது. நாவலில் அஜீஸும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஃபீல்டிங்கும் குதிரையில் செல்கையில் நிலமும் வானமுமே அவர்கள் நட்பை இப்போதைக்கு மறுக்கின்றன. படம் இருவரையும் இணக்கத்தோடு விடைபெறச் செய்கிறது. ஆட்சி செய்பவனும் ஆளப்படுபவனும் நண்பராக முடியுமா என்ற கேள்விக்கு நாவல் தந்த விடை, ‘இன்னும் இல்லை’. அதை மாற்றிய பிறகு முடிபு ஒத்தது என்று சொல்ல வழியில்லை. வழிநூல் என்ற தகுதி இங்கே போய்விடுகிறது.

ஒப்பிடுபவர்கள் அடிக்கடி தவறவிடுவது இன்னொன்று. சென்னையில் பிறந்த சாந்தா ராம ராவ் இந்த நாவலை முன்பே நாடகமாக்கியிருந்தார். படத்தின் பெயர்ப்பட்டியலில் நாவல், நாடகம் இரண்டுக்கும் இடமுண்டு. நாடகத்தைப் படிக்காமல், நாவலில் இல்லாததையெல்லாம் லீன் கணக்கில் எழுதினால் ஒப்பீடு பிழையாகும். முதல்நூலாக நாவலும் வழிநூலாக நாடகமும் பின்னால் நிற்க, முடிபும் வேறாகிவிட்ட இந்தப் படத்துக்கு நன்னூலார் தரும் பெயர் புடைநூல். இன்றைய வழக்கில் எழுதுவதானால், ‘நாவலையும் நாடகத்தையும் தழுவிய படம்’ என்று முழுமையாக எழுத வேண்டும்.