தாலி கட்டும் இடத்தில் படம் ஏன் நின்றது?

உருத்திரபுரத்தில் பெரியம்மா வீட்டு ஹோல். கனடாவில் நடந்த பேத்தியின் கலியாண வீடியோவைப் பார்க்க அயலட்டையெல்லாம் கூடியிருந்தது. வீடியோ இருந்தது அறைக்குள் மேசையில் கிடந்த என் லப்டொப்பில். ரீவி ஹோல் சுவரில். இரண்டுக்கும் நடுவே ஒரு வயரும் இல்லை. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார், கெட்டிமேளம் தொடங்கியது, நாலு பக்கமும் அறுகரிசி பறந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“டேட்டா முடிஞ்சு போச்சு. நான் அப்பவே சொன்னனான்,” என்றார் பெரியம்மா.

நான் எழும்பிப் போய் 4ஜி ரவுட்டரில் இருந்த சிம்மைக் கழற்றிக்கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வட்டம் மறைந்தது, படம் ஓடியது. பெரியம்மா கையிலிருந்த சிம்மையும் ரீவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப உது எங்கையிருந்து தம்பி வருது?”

“அறைக்குள்ளை இருந்து, பெரியம்மா.”

வைஃபை என்றாலே இணையம் என்று நம்மில் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. அதில் நியாயமும் உண்டு. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆட்கள் இருந்து வேலை செய்தால் யாருக்குத்தான் பிரித்துத் தெரியும்? ரவுட்டரின் ஒரு முகம் வெளியே கோபுரத்தோடு கதைக்கிறது. சிம், பொதி, பகல் டேட்டா, இரவு டேட்டா எல்லாம் அந்த முகத்துக்கு உரியவை. மற்ற முகம் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறது. ரீவி, லப்டொப், போன் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து, ஒன்று சொல்வதை மற்றதிடம் சேர்ப்பது அதன் வேலை. என் லப்டொப்புக்கு அன்று 192.168.1.5, ரீவிக்கு 192.168.1.7. 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் வீட்டுப் பாவனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் அவை செல்லாக்காசு. கலியாண வீடியோ அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் மட்டுமே பயணம் செய்தது. சிம் இருந்தாலும் ஒன்றுதான், பெரியம்மாவின் கையில் இருந்தாலும் ஒன்றுதான்.

முன்பு வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போடுவார்கள். அந்த ரீவிக்கு ஒன்றும் தெரியாது. டெக் தள்ளுவதைக் காட்டும், டெக் நின்றால் அதுவும் நின்றுவிடும். இன்றைய ரீவியும் அப்படித்தான், லப்டொப் படத்தைத் தள்ளுகிறது, இது வாங்கிக் காட்டுகிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. ரீவிக்குள்ளே இப்போது ஒரு சின்னக் கணினி இருக்கிறது. படத்தைக் கேட்டு வாங்குவது அதுதான். லப்டொப் கேட்டதைக் கொடுப்பதோடு சரி.

முதலில், வீட்டில் யார் யாரிடம் படம் இருக்கிறது என்று ரீவிக்கு எப்படித் தெரிகிறது? காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் போகும் பாண் ஓட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் பாண் வாங்குவார் என்று ஓட்டோக்காரருக்குத் தெரியத் தேவையில்லை, பாட்டுக் கேட்டவர்கள் படலைக்கு வருவார்கள். லப்டொப்பில் ஓடும் மீடியா சேர்வர் மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. 239.255.255.250 என்ற முகவரிக்கு, “நான் இருக்கிறேன், என்னிடம் படம் இருக்கிறது” என்று ஒரு சின்னச் செய்தியை அனுப்பும். அந்த முகவரியில் தனிப்பட்ட யாரும் குடியில்லை. அது ஒழுங்கைக்குச் சொல்வது போன்றது, காது கொடுக்கும் கருவிகள் எல்லாம் கேட்டுக்கொள்ளும். ரீவியும் சும்மா இருப்பதில்லை. அதன் மெனுவைத் திறந்தவுடன், படலையில் நின்று “பாண் ஆராவது கொண்டு வாறியளோ?” என்று கூப்பிடுவது போல அதே முகவரிக்கு ஒரு கேள்வியை வீசும்.

யூபிஎன்பி என்ற பொது நெறியின் ஒரு பகுதி இது. அதன்மேல் கட்டப்பட்டதுதான் டிஎல்என்ஏ. 2003இல் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் கூடி, ஒரு கம்பனியின் ரீவி இன்னொரு கம்பனியின் கணினியோடு சண்டையில்லாமல் கதைக்க வேண்டும் என்று தொடங்கிய அமைப்பு. 2017இல் அந்த அமைப்பே கலைந்துவிட்டது. ஆனாலும் அது வகுத்த பாஷையை இன்றும் ஏராளமான ரீவிகள் பேசுகின்றன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. சேர்வர் தன் வருகையை அறிவிக்கும்போது, “இந்தச் செய்தி இத்தனை வினாடிக்குச் செல்லும்” என்றும் சேர்த்துச் சொல்லும். பெரும்பாலும் அது 1800 வினாடி, அதாவது அரை மணி நேரம். முறையாக மூடினால், போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும். கரண்ட் போய், பற்றரியும் செத்து லப்டொப் திடீரென்று நின்றால் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே ரீவியின் பட்டியலில் அதன் பெயர் அரை மணி நேரம் வரை பேயாக நிற்கலாம். தெரிவு செய்தால் ஒன்றும் வராது.

பெயர் பட்டியலில் தெரிந்ததும் அடுத்த கட்டம். ரீவி போய், “உன் தலைக் கோப்புறையில் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்கும். சேர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் தலைப்பு, நீளம், அளவு, வகை, அதை எடுக்க வேண்டிய முகவரி எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும். நீங்கள் ரிமோட்டில் ஓகே அழுத்தியதும் ரீவி அந்த முகவரிக்குப் போய்க் கோப்பைக் கேட்கும். இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது உங்கள் உலாவி பேசும் அதே எச்டிடிபி பாஷைதான். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் இறக்குவதில்லை. “இத்தனையாவது பைட்டிலிருந்து தா” என்று கேட்கும், தன்னிடம் இடமிருக்கும் அளவுக்கு வாங்கும், காட்டக் காட்ட மேலும் வாங்கும். ரிமோட்டால் பாய்ந்து அடுத்த சடங்குக்குப் போனால், நடுவில் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு வேறொரு பைட் இலக்கத்திலிருந்து புதிதாகக் கேட்கும்.

எந்தச் சடங்கு எத்தனையாவது பைட்டில் என்று அதற்கு எப்படித் தெரியும்? கோப்புக்குள்ளேயே ஒரு பொருளடக்கம் இருக்கிறது. எம்பி4 கோப்புகளைக் கமரா எழுதும்போது அந்தப் பொருளடக்கம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எடுத்து முடியும்வரை எதுவும் தெரியாதல்லவா? அதனால் ரீவி முதலில் கோப்பின் வாலைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டுத் தலைக்கு ஓடிவரும். சில வீடியோக்கள் தொடங்கச் சற்றுச் சுணங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தாலிக்கு வருவோம்.

அந்த வீடியோ 3 மணி நேரம், 12 ஜிபி. கணக்குப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 9 மெகாபிட். வீடியோ என்பது வேகமாக மாறும் அசையாப் படங்களின் வரிசை, ஒவ்வொரு படமும் ஒரு சட்டம். ஃபுல் எச்டி படத்தைச் சுருக்காமல் வினாடிக்கு 25 சட்டமாக அப்படியே அனுப்பினால் வினாடிக்கு 1,244 மெகாபிட் தேவை. அதாவது இந்த வீடியோ ஏறக்குறைய 140 மடங்கு சுருங்கியிருக்கிறது. சுருக்கும் வித்தை பெரும்பாலும் சோம்பேறித்தனத்தில் இருக்கிறது. ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எது மாறவில்லையோ அதை மறுபடி எழுதாது. மணவறையின் பின்னால் உள்ள சோடனை மாறவில்லை, ஐயர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், மாப்பிள்ளையின் தலைப்பாகை கொஞ்சம் இடப்பக்கம் அசைந்தது. அந்த அசைவை மட்டும் எழுதினால் போதும்.

இப்போது அறுகரிசி பறக்கிறது. நூற்றுக்கணக்கான மணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். எல்லோரும் எழும்புகிறார்கள், கைகள் வீசுகின்றன, போன்களின் ஃபிளாஷ் மின்னுகிறது. போன சட்டத்திலிருந்து கடன் வாங்க ஒன்றுமே மிஞ்சவில்லை. சுருக்கும் மென்பொருள் கையை விரித்துவிட்டு, நிறைய எழுதத் தொடங்குகிறது. ஐயர் மந்திரம் சொன்னபோது வினாடிக்கு 4, 5 மெகாபிட்டில் போன அதே வீடியோ தாலி கட்டும்போது 24ஐத் தொட்டது. 9 என்பது வெறும் சராசரி. சிக்கல் வந்தது உச்சத்தில்.

இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்பவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. துருசு திறந்து வாய்க்காலில் வருவது ஒரு அளவு, வயல் குடிப்பது இன்னொரு அளவு. வயல் தலைமாட்டில் சின்னக் கேணி ஒன்று இருந்தால் வாய்க்கால் கொஞ்சம் மெலிந்தாலும் சமாளிக்கலாம். ரீவிக்குள் இருக்கும் பஃபர் அந்தக் கேணி. ஆனால் ரீவிகளின் நினைவகம் சிறியது. பல ரீவிகளில் அந்தக் கேணி சில வினாடிப் படத்துக்குத்தான் காணும். அறுகரிசி நிமிடக்கணக்கில் பறந்தது. கேணி வற்றியதும் வட்டம் சுற்றியது. மறுபடி நிறைந்ததும் படம் ஓடியது. நான் சிம்மைக் கழற்றியதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெரியம்மாவுக்கு அது மந்திரம் மாதிரித் தெரிந்திருந்தாலும்.

வாய்க்கால் ஏன் மெலிந்தது? லப்டொப்பிலிருந்து ரீவிக்கு நேரே வழியில்லை. படம் முதலில் காற்றில் ரவுட்டருக்குப் போகிறது, பிறகு அதே காற்றில் ரவுட்டரிலிருந்து ரீவிக்கு வருகிறது. வைஃபை ஒற்றையடிப் பாதை மாதிரி, ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒவ்வொரு பைட்டும் அந்தப் பாதையை இரண்டு தடவை மறிக்கிறது. எனவே ரவுட்டர் பெட்டியில் என்ன வேகம் அச்சடித்திருந்தாலும் அதில் பாதிகூட மிஞ்சாது. போதாததற்குப் பெரியம்மாவின் பழைய ரீவிக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே தெரியும், அயல்வீட்டு ரவுட்டர்களும் அதே பட்டையில். நடுவில் சீமெந்துக் கல் சுவர். சுவரோடு சுவராக, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரி. சீமெந்து அலையைக் குடிக்கும், இரும்போ திருப்பி அடித்துவிடும். லப்டொப்பிலிருந்து ரீவிக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்தேன்: 14 மெகாபிட். ஐயருக்குத் தாராளம், அறுகரிசிக்குப் போதாது.

அலுமாரியை நகர்த்தலாமா என்று கேட்டேன். பெரியம்மா பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டேன். அடுத்த நாள் கிளிநொச்சி ரவுனில் 20 மீற்றர் லான் வயர் வாங்கி, லப்டொப்பை ரவுட்டரோடு கொழுவினேன். ரீவி இன்னும் வைஃபையில்தான். ஆனால் காற்றுவழிப் பயணம் இரண்டிலிருந்து ஒன்றானது. ரவுட்டரையும் அலுமாரியின் மறைவிலிருந்து எடுத்து யன்னல் நிலையில் வைத்தேன். அளவு 35ஐத் தாண்டியது.

இதற்குள் இன்னொரு வழக்கு வந்து சேர்ந்தது. சுவிஸ் மாமா தன் ஐஃபோனில் எடுத்த துண்டுகள் ரீவியில் ஓடவில்லை, “இந்த வகை ஆதரிக்கப்படாது” என்று ஒரு வரி. கோப்பின் பெயரின் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் வெறும் சாக்குகள். சாக்கைப் பார்த்து உள்ளே சம்பாவா நாடா என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் படம் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்டிருந்தால் அனேகமாக எந்த ரீவியும் அவிழ்க்கும், அது 2003இல் வந்த முறை. 2017க்குப் பிறகு ஐஃபோன்கள் பெரும்பாலும் எச்இவிசி முறையில் எழுதுகின்றன. ஏறத்தாழ அதே தரம், பாதி இடம். ஆனால் அதை அவிழ்க்கும் சிப் பழைய ரீவிக்குள் இல்லை. ரீவிக்கு நீங்கள் அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் முடியாது.

சாக்கு மட்டும் பிழை என்றால் சேர்வர் கணப்பொழுதில் சாக்கை மாற்றிக் கொடுத்துவிடும். நெல்லே பிழை என்றால் மில்லுக்குத்தான் போக வேண்டும். பிளெக்ஸ், ஜெலிஃபின் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு சட்டத்தையும் அவிழ்த்து, ரீவிக்குத் தெரிந்த முறையில் மறுபடி சுருக்கி, உடனுக்குடன் கொடுக்கும். என் லப்டொப்பின் விசிறி உண்மையாகவே மில் மாதிரி இரைந்தது. இப்படி ஓடும்போது முன்னே பாய முயன்றால் ரீவி தடுமாறலாம். அது கேட்கும் பைட் இன்னும் பிறக்கவேயில்லை. என்னைக் கேட்டால், அடிக்கடி பார்க்கப்போகும் வீடியோவை ஒரு இரவில் எச்.264க்கு மாற்றி வைத்துவிடுவது நல்லது.

லப்டொப்பே ரீவியின் பட்டியலில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சின்னது. விண்டோஸ் அந்த வைஃபையைப் பொது வலையமைப்பு என்று குறித்து வைத்திருக்கும், அப்போது கதவைத் தானே பூட்டிக்கொள்ளும். தனிப்பட்டது என்று மாற்றுங்கள். ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் ரீவியைக் கொழுவியிருந்தாலும் இதே கதிதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: டிஎல்என்ஏயில் கடவுச்சொல் கேட்கும் வழக்கம் இல்லை. உங்கள் வைஃபை தெரிந்த யாரும் நீங்கள் திறந்துவிட்ட கோப்புறையைப் பார்க்கலாம். பெரியம்மா வீட்டு வைஃபை பக்கத்து வீட்டுப் பெடியன்கள் மூவருக்குத் தெரியும். ஆகவே கலியாணக் கோப்புறையைத் தவிர வேறொன்றையும் நான் திறந்துவிடவில்லை.

வயர் போட்ட அன்று மாலை மறுபடி எல்லோரும் கூடினார்கள். தாலி தடையின்றி ஏறியது, அறுகரிசி கடைசி மணிவரை விழுந்தது. நான் அறைக்குள் லப்டொப்பில் சேர்வரின் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரீவி என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாய்ச்சல் பின்னுக்கு, கெட்டிமேளம் தொடங்கும் இடத்துக்கு. பிறகு இன்னொன்று, கிட்டத்தட்ட அதே பைட் இலக்கம். பிறகு மூன்றாவது. ஹோலில் ரிமோட் யார் கையில் இருந்தது என்று எட்டிப்பார்க்க வேண்டியிருக்கவில்லை.