பதில் வராவிட்டாலும் ஓநாய்க்குக் கேட்டிருக்கிறது

ஓநாயை வரவழைக்கப் போலி ஊளையிடுபவர்களை இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. புணே மாவட்டத்தில் ஒரு புல்வெளி. விடியற்காலை ஐந்தரை மணி. மூன்று வாரமாக நாங்கள் தள்ளி நின்று கவனித்துவரும் ஓநாய் வளைக்கு முன்னூறு மீட்டர் தூரத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்றின் பானெட் மேல் புளூடூத் ஸ்பீக்கர். ஒரு தம்பியின் கையில் பிவிசி குழாய்த் துண்டு. அதன் ஒரு முனையில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மறுமுனையில் எண்ணெய் ஊற்றும் புனலைச் செருகியிருந்தார். வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்ததாம். அமெரிக்காவின் இடாஹோ, மொன்டானா மாநிலங்களில் உரிமம் வாங்கி ஓநாய் சுடுகிறவர்கள் ஊதுவார்களே, அந்த ஊளைக் குழலைப் பார்த்துச் செய்தது.

பேச்சிலேயே தமிழ் என்று தெரிந்துவிட்டது. பெங்களூரில் வேலை, வாரக்கடைசியில் படம் எடுக்க வந்திருக்கிறார்கள். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன். அதற்கு அந்தத் தம்பி, "அண்ணா, நாங்க என்ன கல்லா எறிஞ்சோம்? சத்தம்தானே போட்டோம்? ஒரு மணி நேரமா ஊதுறோம், ஒண்ணுகூட பதில் குடுக்கல. இங்க ஓநாயே இல்ல போல" என்றார்.

பதில் வரவில்லை, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஊளையிட்டு ஓநாய் இருப்பதைக் கண்டறிவது, ஓநாய்களை ஆராயும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி. கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் ஓநாய் ஆய்வாளர் டக்ளஸ் பிம்லாட்டின் குழுவினர் வாயாலேயே ஊளையிட்டுத் தேடிய காலத்திலிருந்து இருக்கும் முறை. 1970களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஃபிரெட் ஹாரிங்டன், டேவிட் மெக் என்ற ஆய்வாளர்கள் எந்த ஓநாய் பதில் கொடுக்கிறது, எது கொடுப்பதில்லை என்று கணக்கெடுத்தார்கள். குட்டிகளோடு இருக்கும் கூட்டமும், புதிதாக அடித்த இரையின் பக்கத்தில் இருக்கும் கூட்டமும் அதிகம் பதில் கொடுத்தன. விட்டுப் போக முடியாத ஒன்று அவற்றிடம் இருந்தது. தனியாகத் திரியும் ஓநாய்கள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. ஊளைக்குப் பதில் கொடுத்தால், தான் இருக்கும் இடத்தை முகம் தெரியாத இன்னொரு கூட்டத்துக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். ஓநாய்க் கூட்டங்கள் எல்லைக்காக ஒன்றையொன்று கொல்பவை. அதனால் கேட்கும், யோசிக்கும், பிறகு முடிவெடுக்கும்.

நடுராத்திரியில் அடையாளம் தெரியாத நாலு பேர் உங்கள் வீட்டுக் கதவை இடிக்கிறார்கள் என்று வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். வெளியே நிற்பவர் "வீட்டில் ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே இருந்த உங்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

அந்தத் தம்பி ஊதிய அன்று சாயங்காலமே அதன் விளைவைப் பார்த்தோம். பெட்டை வளையிலிருந்து ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வந்தது. ஓடைக்கரை வழியாகப் போய், தார் ரோட்டின் ஓரத்தில் நின்று, ஒரு கரும்பு லாரி போகும்வரை காத்திருந்து, குறுக்கே ஓடியது. திரும்பி வந்தது. அடுத்த குட்டி. இருட்டும்வரை அது மூன்று தடவை குட்டியோடு ரோட்டைக் கடந்ததை எண்ணினோம். பழைய வளையில் ஐந்து குட்டிகள் இருந்தன. புது இடத்தில் மூன்றுதான். மற்ற இரண்டும் அதன் பிறகு எங்கள் கண்ணில் படவே இல்லை.

பதில் வந்துவிட்டாலோ இன்னும் மோசம். சுமார் 400 ஹெர்ட்ஸில் எழும் அந்தக் குரல் திறந்தவெளியில் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். கிடையில் படுத்திருக்கும் நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கும். இங்கே ஆடு மேய்க்கும் தங்கர் சமூகத்தில், ஓர் ஆடு போனால் அது லாண்ட்காவின் பங்கு என்று விட்டுவிடும் பெரியவர்கள் நிறையப் பேர். லாண்ட்கா என்றால் மராத்தியில் ஓநாய். ஆனால் எல்லாரும் அப்படியில்லை. வளை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் வாயைக் கல் வைத்து அடைப்பவர்களும், புகை போடுபவர்களும் இருக்கிறார்கள்.

"நம்ம ஊர்லயும் நரியைக் கூப்பிடுவாங்களே" என்று இன்னொருவர் கேட்டார். ஆமாம், நரிக்குறவர் பெரியவர்கள் நரி போலவே ஊளையிட்டு நரியை வரவழைப்பார்கள். அந்தத் திறமை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் அதைச் செய்தது வேட்டைக்கு. கண்ணியைப் போல அந்தக் குரலும் ஒரு வேட்டைக் கருவி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கேமராவோடு வருகிறவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

இந்தியாவில் ஓநாய்கள் மொத்தமே சுமார் மூவாயிரம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. சுட்டால்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். விரட்டுவதும், இரை காட்டி இழுப்பதும், அதற்கு முயல்வதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை.

"நீங்க மட்டும் ஊளையிடலாமா?" என்று கேட்பீர்கள். அனுமதி வாங்கித்தான் செய்கிறோம். காற்றில்லாத இரவில், முதலில் மெதுவாக ஒரு தடவை. காத்திருப்போம். பிறகு சற்று உரக்க ஒரு தடவை. அவ்வளவுதான். பதில் வந்தால் திசையைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம், கிட்டே போக மாட்டோம். வளை இருப்பது தெரிந்த இடத்தில் ஊளையிடவே மாட்டோம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே குட்டி போடும் காலம். நீங்கள் படமெடுக்க வருவதும் அப்போதுதான். வாருங்கள். குழலையும் ஸ்பீக்கரையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இந்தாப்பூர் பக்கம் கடபன்வாடியில் வனத்துறையே புல்வெளி சஃபாரி நடத்துகிறது, அதில் போங்கள். வளையைப் பார்த்துவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். இடத்தின் பெயரோடு படத்தை இணையத்தில் போடாதீர்கள், தயவுசெய்து. யாராவது ஊதிக்கொண்டோ ஒலிபரப்பிக்கொண்டோ இருந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், அவை தாமாகவே ஊளையிடுவதைக் கேட்கும் நாள் வந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். பதிலுக்கு ஊளையிடாதீர்கள்.