நால்வர் போனோம், இரண்டு விலை சொன்னோம்

களஞ்சியக் கணக்கு மென்பொருள் விற்கும் குழுக்களோடு கொழும்பில் பதினான்கு ஆண்டுகளாக அலைகிறேன். கைநழுவிய ஒப்பந்தங்களை எண்ணிப் பார்த்தால், மென்பொருள் பிடிக்காததால் போனவை சொற்பம். வாடிக்கையாளர் முன்னிலையில் எங்கள் ஆட்களே ஒருவரையொருவர் மறுத்துப் பேசியதால் போனவைதான் அதிகம்.

2024 ஜனவரி. கொள்ளுப்பிட்டியில் ஒரு விநியோக நிறுவனத்தின் கூட்ட அறை. நாங்கள் நால்வர். ஒத்திகை என்ற பெயரில் ஸ்லைடுகளை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தோம். இருபது நிமிடம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு அவர்களுடைய நிதி முகாமையாளர் கேட்டார்: "இந்தப் பத்து இலட்சம் வற் வரியோடா, வரி இல்லாமலா?" விற்பனைத் தம்பி "எல்லாம் அடக்கம், மிஸ்" என்றார். அவர் வாய் மூடுமுன் எங்கள் கணக்காளர் "வரி தனி" என்றார். அந்த அம்மா பேனாவை மூடி, குறிப்புப் புத்தகத்தின் மேல் குறுக்காக வைத்தார். அதற்குப் பிறகு அவர் எதையுமே எழுதவில்லை.

அம்மாதம் முதலாந் திகதிதான் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்தது. பத்து இலட்சத்துக்கு 180,000 ரூபாய். வற் பதிவுள்ள நிறுவனம் அத்தொகையைப் பெரும்பாலும் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத புறக்கோட்டைக் கடைக்காரருக்கோ அது கையிலிருந்து போகும் காசு. யாரிடம் போகிறோம் என்று முதல் நாளே விசாரித்து, விலைமனுவில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இப்போது ஸ்லைடுகளை ஒருமுறைதான் பார்க்கிறோம். மீதி நேரம் முழுவதும் கேள்விக்கு. விற்பனைக்குப் பிந்திய சேவையில் இருப்பவரை வாடிக்கையாளராக உட்கார வைக்கிறோம். எல்லா முறைப்பாடுகளும் அவர் காதில்தான் விழுந்திருக்கின்றன. அதனால் இரக்கமில்லாமல் கேட்பார். விலை டொலரிலா, ரூபாயிலா? எத்தனை நாளுக்குச் செல்லும்? 2022இல் சில வாரங்களுக்குள் ரூபாய் சரிந்ததை அனுபவித்தவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர் விபரங்கள் எங்கே சேமிக்கப்படும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இக்கேள்வியும் வருகிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு. மற்றவருக்கு அதைவிட நல்ல பதில் தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் குழுவில் எல்லோரும் அதிகம் திணறியது இதில்தான், நான் உட்பட. கால அளவைச் சொல்லும் உரிமை வேலையைச் செய்யப்போகிறவருக்கு மட்டும். விற்பனையாளரின் ஆறு வாரம் பொறியியலாளரின் பத்து வாரம் என்பது எங்கள் அலுவலகத்தில் பழைய பகிடி.

தமிழில் கிசுகிசுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இரத்மலானையில் ஒரு களஞ்சியம். பேச்சு முழுவதும் சிங்களத்தில். ஒரு கட்டத்தில் எங்கள் பொறியியலாளர் என் பக்கம் சரிந்து, "இதை இப்ப சொல்ல வேண்டாம், பிறகு சமாளிக்கலாம்" என்றார். எதிரே இருந்த களஞ்சியப் பொறுப்பாளர் சிரித்தபடி, தெளிவான தமிழில், "இப்பவே சொல்லுங்கோ, தம்பி" என்றார். பதுளைக்காரராம்; தோட்டப்புறப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவராம். சொல்லாமல் மறைக்க நினைத்தது பெரிய விடயமும் இல்லை: பழைய தரவுகளை மாற்ற அவர்களுடைய ஊழியர் இருவர் ஒரு வாரம் எங்களோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்காகச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். அன்று அந்த இருவரைப் பற்றியே அரை மணித்தியாலம் விசாரித்தார்கள்.



கூட்டம் முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டுவந்த கேள்விகளை, யார் எப்போது பதில் தருவார் என்ற குறிப்போடு ஒரு பக்கத்தில் எழுதி அன்று மாலையே அனுப்ப வேண்டும். கொள்ளுப்பிட்டிக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தை நாங்கள் அனுப்பியது நான்காம் நாள். அதிலும் விலைக்கு நேரே "வரி தனி" என்று எழுத மறந்திருந்தோம்.