இருபது மில்லிநொடி கெட்ட நேரம்

"செத்துப் பிழைத்து வந்தவருக்குக் கொடுக்காமல், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி சார் விருது கொடுத்தார்கள்?" அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அந்த ஆட்டத்தின் பெரிய லீகான என்.எஃப்.எல். போட்டிகளில், விழுந்து எழுந்து வந்த வீரருக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆண்டுதோறும் 'கம்பேக் பிளேயர் ஆஃப் த இயர்' விருது தருகிறது. 2023 சீசனுக்கான விருது பஃபலோ பில்ஸ் அணியின் டாமர் ஹாம்லினுக்குத்தான் என்று பலரும் நினைத்திருந்தார்கள். வாங்கியது கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜோ ஃபிளாக்கோ.

ஓட்டுக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன். எனக்கு ஆசை, ஹாம்லினின் இதயத்தை நிறுத்திய அந்த அடியைப் பற்றி எழுதத்தான்.

2023 ஜனவரி 2, சின்சினாட்டி. எதிரணியான பெங்கால்ஸின் வீரர் டீ ஹிக்கின்ஸ் பந்தோடு ஓடிவர, ஹாம்லின் மறித்துச் சாய்க்கிறார். மோதல் நெஞ்சில் விழுகிறது. வாரத்துக்கு நூறு முறை நடக்கிற சாதாரண மோதல். ஹாம்லின் எழுந்து நிற்கிறார். ஓரிரு நொடி கழித்து அப்படியே மல்லாக்க விழுகிறார். அவர் எழுந்து நின்ற அந்தக் கணத்திலேயே இதயம் ரத்தத்தை இறைப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். மூளையில் மிச்சமிருந்த ஆக்சிஜன் அவரைச் சில நொடி நிறுத்திவைத்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் கமோஷியோ கார்டிஸ். ஏப்ரலில் ஹாம்லினே அதை அறிவித்தார். விலா எலும்பு முறியாது, இதயச் சுவர் கிழியாது. இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தாலும் இதயத்தில் காயம் இருக்காது. நம் ஊராக இருந்தால் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கதையை முடித்திருப்பார்கள்.

அடித்தது நேரம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கிய பிறகும் அதன் செல்கள் மின்னூட்டத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இ.சி.ஜி. தாளில் பெரிய கூர்முனைக்குப் பின்னால் மெத்தென்று ஒரு மேடு வருமே, அந்த 'டி' அலைதான் இந்த ஓய்வு. எல்லாச் செல்லும் ஒரே சமயத்தில் தயாராவதில்லை என்பதில்தான் ஆபத்து.

நாம் வாய்ப்பாடு சொன்ன வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டாம்பிள்ளை (இதயத்தில், தாளம் சொல்லும் செல்கள்) ஒரு வரி சொல்ல, வகுப்பே கத்தும். பிறகு எல்லோரும் மூச்சு வாங்க வேண்டும். பாதிப் பேர் மூச்சு வாங்கி முடித்து, மீதிப் பேர் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும்போது யாரோ ஜன்னலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். தயாராக இருந்த வரிசை மட்டும் கத்துகிறது. அந்தச் சத்தம் அடுத்த வரிசைக்கு வரும்போது அது தயார், அதுவும் கத்துகிறது. சுற்றி முதல் வரிசைக்குத் திரும்புவதற்குள் அவர்களும் மூச்சு வாங்கிவிட்டார்கள். இப்படியே ஒரு பக்கம் கத்த ஒரு பக்கம் ஓய, சத்தம் வகுப்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சட்டாம்பிள்ளை குரல் யாருக்கும் கேட்காது. இதயத்தில் இந்த நிலைக்குப் பெயர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். தசை நெளியும், ரத்தம் நகராது.

நெஞ்சில் விழும் அடி எப்படி மின்சாரமாகிறது? அடிபட்டதும் இதயத்தின் கீழறைக்குள் அழுத்தம் எகிறி, செல்களின் சவ்வு இழுபடுகிறது. இழுத்தால் திறக்கும் அயனிக் கதவுகள் அந்தச் சவ்வில் உண்டு. அவை திறந்ததும் அயனிகள் பாய்கின்றன. ஜன்னலில் விழுந்த தட்டு இதுதான்.

இந்த நேரத்தை அளந்தவர்கள் பாஸ்டனில் மார்க் லிங்க் குழுவினர். மயக்க மருந்து கொடுத்த பன்றிக்குட்டிகளின் மார்பில், பேஸ்பால் அளவுள்ள மரப்பந்தை மணிக்கு 48 கி.மீ. வேகத்தில், இ.சி.ஜி.யோடு நேரம் பொருத்தி அடித்தார்கள். 1998-ல் முடிவு வெளியானது: டி அலையின் உச்சிக்கு 30 முதல் 15 மில்லிநொடி முன்பு விழுந்த 10 அடிகளில் 9, இதயத்தை நடுங்கவைத்தன. பிந்தைய சோதனைகளில் இன்னொரு வேடிக்கை தெரிந்தது. வேகம் கூடக்கூட ஆபத்து கூடிக்கொண்டே போகவில்லை. 64 கி.மீ. வேகம்தான் மிக மோசம், அதற்கு மேல் இந்த ஆபத்து குறைந்தது. "பன்றிக்குட்டி மேல் பந்து எறியப் போகிறோம், பணம் கொடுங்கள்" என்று விண்ணப்பித்தால் இங்கே எந்தக் கமிட்டி கையெழுத்துப் போடும்? உடனடிப் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே கேட்பார்கள்.

ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 150 முறை துடித்தால், ஒரு துடிப்புக்கு 400 மில்லிநொடி. அதில் ஆபத்தான ஜன்னல் சுமார் 20. அடி அந்த நேரத்தில் விழ வேண்டும், இதயத்துக்கு நேர் மேலேயும் விழ வேண்டும், வேகமும் பொருந்த வேண்டும். அதனால்தான் இது இத்தனை அபூர்வம். நாம் ராகு காலத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். உண்மையான கெட்ட நேரம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

ஹாம்லினுக்கு மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். செய்து, மின்சார ஷாக்கும் கொடுத்தார்கள். சி.பி.ஆர். நடுக்கத்தை நிறுத்தாது, மூளைக்கு ரத்தம் அனுப்பி அவகாசம் வாங்கித் தரும். ஷாக்தான் வகுப்புக்குள் நுழையும் ஹெட்மாஸ்டர்: ஒரே அதட்டலில் அத்தனை பேரும் கப்சிப். அந்த அமைதியில் சட்டாம்பிள்ளை குரல் மறுபடி கேட்கும். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் இந்த ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டியைத் திருடு போகாமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி, மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுபவரிடம்.

இனி ஓட்டு. 50 நடுவர்கள் தலா மூன்று பேரை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 5 புள்ளி, அடுத்ததற்கு 3, கடைசிக்கு 1. முதலிட ஓட்டு ஹாம்லினுக்கு 21, ஃபிளாக்கோவுக்கு 13. ஆனால் ஃபிளாக்கோவை 26 பேர் இரண்டாவதாக எழுதியிருந்தார்கள், ஹாம்லினை 7 பேர்தான். மூன்றாமிட ஓட்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் ஃபிளாக்கோ 151, ஹாம்லின் 140. ஹாம்லின் அந்த சீசனில் ஆடியது ஐந்தே ஆட்டம். அதுவரை அணியில்லாமல் வீட்டில் இருந்த ஃபிளாக்கோ நவம்பரில் வந்து சேர்ந்து, களமிறங்கிய ஐந்தில் நான்கை வென்று கொடுத்தார். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், ஆளைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். என் ஓட்டு ஹாம்லினுக்கு.

சர்ச்சைக்குப் பிறகு, நோய், காயம் போன்ற காரணங்களால் முந்தைய சீசனில் ஆட முடியாமல் போய் மீண்டு வந்தவருக்கே இந்த விருது என்று 2024-ல் நடுவர்களுக்குத் தெளிவுபடுத்தினார்கள். அந்த சீசனில் ஹாம்லின் 14 ஆட்டங்களில் தொடக்க வீரராக இறங்கி, எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தார், அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கையில் அதுவே முதல் முறை. விருது, மணிக்கட்டுக் காயத்திலிருந்து திரும்பிய ஜோ பர்ரோவுக்குப் போனது. சின்சினாட்டியில் அன்றிரவு ஹிக்கின்ஸுக்கு அந்தப் பந்தை எறிந்தவர் அவர்தான்.