பம்பை நிறுத்திய பிறகு சுரங்கத்துக்குள் என்ன நடக்கிறது?

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் வரை கரியோடு சேர்ந்து தண்ணீரும் ராத்திரி பகலாக மேலே வந்துகொண்டே இருக்கும். பாறை இடுக்குகளில் கசியும் நீரை இறைத்துக் கொட்டாவிட்டால் கீழே ஆள் நிற்க முடியாது. பல சுரங்கங்களில் ஒரு டன் கரி எடுக்கப் பல டன் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் சுரங்கத்தை மூடுகிறார்கள், பம்புகளும் நிற்கின்றன. மூடியாயிற்று, இனி என்ன என்று ஊர் மறந்துவிடும். தண்ணீரின் கதை ஆரம்பிப்பதே அன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டம். இறைக்காத நீர் தேங்கிச் சுரங்கம் நிறைவதற்குச் சில இடங்களில் சில ஆண்டுகள் பிடிக்கும், சில இடங்களில் பல பத்தாண்டுகள். ஏறும் வேகமும் சீராக இருக்காது. கரியை வெட்டியெடுத்த காலி இடம் இருக்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வந்தால், அந்த இடம் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்பதால் ஏற்றம் மந்தமாகும். இரண்டு கரி அடுக்குகளுக்கு நடுவே வெறும் பாறை உள்ள உயரத்தில் சட்டென்று எகிறும். தாளில் வரைந்தால் ஏறக்குறைய மாடிப்படி மாதிரி இருக்கும். பழைய வரைபடத்தில் இல்லாத ஒரு இடத்தில் படி விழுந்தால், யாரோ கணக்கில் எழுதாமல் அங்கே தோண்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பக்கத்துப் பக்கத்து ஷாஃப்டுகள் (சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழிகள்) இரண்டில் மட்டம் ஒன்றாகவே ஏறி இறங்கினால் அவை உள்ளே இணைந்திருக்கின்றன. ஒன்றில் மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால், அங்கே எங்கோ ஒரு வாசல் வழியாகத் தண்ணீர் அடுத்த சுரங்கத்துக்கு வழிந்துகொண்டிருக்கலாம். உள்ளே போய்ப் பார்க்க ஆளில்லாத இடத்தை நாலைந்து துளைகளை வைத்துப் படிப்பது என்றால் இதுதான்.

அளக்கும் கருவி ஒன்றும் பிரமாதமில்லை. முனை தண்ணீரைத் தொட்டதும் பீப் அடிக்கும் அளவு நாடா ஒன்று, தண்ணீருக்குள் தொங்கவிட்டு மணிக்கு மணி பதியும் அழுத்த சென்சார் ஒன்று. சென்சாரில் மட்டும் ஒரு வம்பு உண்டு: அதன் மேல் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து அழுத்துகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினாலே தண்ணீர் சுமார் ஒரு செண்டிமீட்டர் ஏறியது போலவோ இறங்கியது போலவோ காட்டும். அதனால் வெளியே காற்றழுத்தத்தைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். கழிக்க மறந்தவர், புயல் நாளில் காற்றழுத்தம் குறைந்ததை அறியாமல், சுரங்கத் தண்ணீர் எங்கே போனது என்று தேடி அலைவார்.

சரி, மட்டம் தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? நிலக்கரியோடும் அதை ஒட்டிய பாறையோடும் பைரைட் என்ற கனிமம் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் காற்றுப் படாமல் சும்மா கிடந்ததற்குச் சுரங்கம் தோண்டியவர்கள் காற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காற்றும் ஈரமும் பட்டதும் அது சல்பேட்டாகவும் கரைந்த இரும்பாகவும் அமிலமாகவும் உடைகிறது. இதையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் வேலையை இன்னும் விரைவாக்குகின்றன. சுரங்கம் வறண்டிருந்த வரை இந்தச் சரக்கெல்லாம் சுவர்களில் உப்பாகப் படிந்திருக்கும். தண்ணீர் ஏறும்போது மொத்தமாகக் கரைகிறது. அதனால் முதன்முதலில் வெளியே வழியும் தண்ணீர்தான் மிக மோசமானது. பிறகு மெல்ல மெல்லத் தேறும். சுரங்கம் நிறைய எவ்வளவு காலம் ஆனதோ, அதைப் போல நான்கு மடங்கு ஆகலாம் என்பது இத்துறையில் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. இதில் ஒரு வேடிக்கை, முழுக்க மூழ்கிய பைரைட்டுக்குக் காற்று கிடைக்காது, எதிர்வினை ஏறக்குறைய நின்றுவிடும். அழுக்கைக் கரைத்துக் கொண்டுவருவதும் தண்ணீர்தான், மேலும் அழுக்குச் சேராமல் தடுப்பதும் தண்ணீர்தான்.

சுரங்கத் தண்ணீர் பார்வைக்குப் பொய் சொல்லும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு நிறமே இல்லாமல் கரைந்திருக்கும். துளையிலிருந்து எடுத்த மாதிரி கண்ணாடி போல இருக்கும். பாட்டிலைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, அடியில் துரு வண்டல் இறங்கும். இரும்பு அப்படிப் படியும்போது அமிலத்தையும் விடுவிக்கிறது. அதனால் எடுத்த உடனே பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6 காட்டிய தண்ணீர் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் 3 வரை இறங்கியிருக்கலாம். தண்ணீரிலேயே போதிய காரத்தன்மை இருந்தால் இப்படி நடக்காது. ஆகவே பிஎச் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது முட்டாள்தனம்; உள்ளே ஒளிந்திருக்கும் அமிலம் பெரிதா, அதைத் தாங்கும் காரம் பெரிதா என்று பார்க்க வேண்டும். பிஎச், வெப்பம், மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும்), காரத்தன்மை எல்லாவற்றையும் துளையருகே நின்றே அளப்பது இதனால்தான். உலோகங்களுக்கான மாதிரியை அங்கேயே நுண்வடிகட்டியில் வடித்து, வண்டல் இறங்காமலிருக்க நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு மூடுவார்கள்.

இன்னொரு ஏமாற்று, அடுக்குகள். ஆழத்து உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் உட்காரும். மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். மேலாக ஒரு வாளி மொண்டு பார்த்து அப்பாடா என்று போனவர்கள், பம்பைப் போட்டதும் இரண்டும் கலந்து வருவதைக் கண்டு விழிப்பார்கள். ஷாஃப்டுக்குள் கருவியை மீட்டர் மீட்டராக இறக்கி, மின்கடத்துத்திறன் எந்த ஆழத்தில் தாவுகிறது என்று குறித்துக்கொள்வது அதற்குத்தான்.

வெளியே வழியும் இடத்தில் செறிவோடு ஓட்டத்தையும் அளக்க வேண்டும். வி வடிவத்தில் வெட்டிய பலகையைக் குறுக்கே வைத்து, அதன் மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் இரும்பு என்பது கேட்க அற்பமாக இருக்கும். விநாடிக்கு 50 லிட்டர் ஓடினால் அது நாளொன்றுக்கு சுமார் 130 கிலோ இரும்பு! ஓடையின் அடியில் பூசப்பட்டு, பூச்சியும் மீன் முட்டையும் மூச்சுவிட முடியாமல் ஆவது இதனால்தான்.

சுற்றுவட்டாரக் கிணறுகளில் இரும்பைத் தேடினால் தாமதமாகத்தான் தெரியும், ஏனென்றால் வழியிலேயே படிந்துவிடும். சல்பேட் அப்படியில்லை, தண்ணீரோடு சேர்ந்தே நகரும். நல்ல கிணற்றில் சல்பேட் மெல்ல ஏறத் தொடங்கினால் சுரங்கம் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம், உரம் போன்ற வேறு மூலம் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகு. அப்புறம், ஏறும் தண்ணீர் மீத்தேனையும் ஆக்சிஜன் இல்லாத காற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் என்பதால் வாயுவையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

இதையெல்லாம் வைத்து ஒரு மட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள், தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது. இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் சுரங்கத் தண்ணீர் ஏறி, குடிநீர் தரும் சுண்ணப்பாறை அடுக்கை நெருங்கியபோது, கடற்கரையோரம் ஹார்டனிலும் டாடனிலும் இறைத்துச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்தார்கள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிக் கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. தண்ணீர் குடிநீர் அடுக்குகளைத் தொடாதபடி அங்கே இன்னும் இறைக்கிறார்கள். அந்த வேலைக்கு முடிவுத் தேதி குறிக்கப்படவில்லை. அவர்கள் மொழியில் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘நித்தியப் பணிகள்’.